மூக்கடைத்த ராத்திரியும் சிபேப் மெஷினும்

முதல் தடவை சளி பிடித்தபோது மெஷினைத் துண்டு போட்டு மூடி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். 2023 ஐப்பசி மழைக்காலம் அது. எனக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் தொண்டை மூடி மூச்சு நின்று நின்று வரும் கோளாறு என்று தெரிந்து, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் சிபேப் மெஷின் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மாஸ்க்கை எப்படி மாட்டுவது, எந்தக் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றுவது, ஃபில்டரை எப்போது மாற்றுவது என்றெல்லாம் சொல்லித் தந்தவர்கள், மூக்கடைத்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மெஷின் வாங்கிய இடத்துக்குப் போன் செய்தேன். "ரெண்டு நாள் விட்டுடுங்க மேடம், இல்லேன்னா வாய்க்குக் குறுக்கே பிளாஸ்டர் ஒட்டிட்டு மாட்டிக்குங்க" என்றார் போனை எடுத்தவர். மூக்கு அடைத்திருக்கும்போது வாயையும் ஒட்டிக்கொண்டால் மூச்சுக்கு வழி ஏது? நல்லவேளை, அதை மட்டும் நான் செய்யவில்லை. யார் சொன்னாலும் நீங்களும் செய்யாதீர்கள்.

ஐந்து ராத்திரி மெஷின் இல்லாமல் தூங்கினேன். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையும் தினம் ஒன்று. அது தூக்கத்தை வேறு அழுத்திக் கொடுத்தது. நான் கணக்கு ஆசிரியை. நான்காம் நாள் எட்டாம் வகுப்பில் பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டு, பிள்ளைகள் போடட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். "டீச்சர், போட்டுட்டேன்" என்று ஒரு பெண் நோட்டை நீட்டியபோதுதான் கண் விழித்தேன். சாக்பீஸ் கையிலேயே இருந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் திரும்பும்போது சிங்காநல்லூர் சிக்னலில் நின்ற நிலையிலேயே கண் சொருகிவிட்டது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்துத்தான் நினைவு வந்தது. வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தால் 160க்கு 100. நான் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள்.

ஸ்லீப் டெஸ்டில் எனக்கு வந்த ஏ.எச்.ஐ என்ற கணக்கு மணிக்கு 34. அதாவது ஒரு மணி நேரத் தூக்கத்தில் 34 தடவை மூச்சு நிற்கிறது, அல்லது வெகுவாகக் குறைகிறது. 30க்கு மேல் போனாலே கடுமையான வகை. ஏழு மணி நேரம் தூங்கினால் இருநூறு தடவைக்கு மேல். அப்படிப்பட்டவள் ஐந்து ராத்திரியை ஒன்றுமே இல்லாமல் கழித்திருக்கிறேன்.

அடுத்த வாரம் நுரையீரல் டாக்டரிடம் போனபோது நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து மூக்கு, நாக்கு, தொண்டை மூன்றையும் பக்கவாட்டில் வரைந்து காட்டினார். மூக்கு அடைத்தால் வாய் திறக்கிறது. வாய் திறந்தால் தாடை கீழே இறங்குகிறது, நாக்கு பின்னால் சரிகிறது. ஏற்கெனவே தளர்ந்து மூடும் தொண்டை இன்னும் சுலபமாக மூடிக்கொள்கிறது. "உங்களுக்கு மெஷின் ரொம்பத் தேவைப்படற ராத்திரியும் அதுதான் டீச்சர், மாட்டறதுக்கு ரொம்பச் சிரமமான ராத்திரியும் அதுதான். அதனால சளி வர்றதுக்கு முன்னாடியே தயாரா இருக்கணும்" என்றார். நான் இங்கே எழுத நினைத்ததும் இந்த ஒன்றைத்தான்.

இந்த மெஷின் பிறந்ததே மூக்கை நம்பித்தான். 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், மூக்கு வழியாகக் காற்றை மெல்ல அழுத்திச் செலுத்தினால் தொண்டை மூடாமல் திறந்தே நிற்கிறது என்று கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு 'லான்செட்' இதழில் அது வெளிவந்தது. இன்றைக்கும் நம்மில் நிறையப் பேர் மாட்டுவது மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கோ, மூக்குத் துவாரத்தில் பொருந்தும் சின்ன மாஸ்க்கோதான். வருஷம் முழுக்க அது சுகம். சளி பிடித்த அன்றைக்கு அந்த ஒரே வாசலும் அடைபட்டுவிடுகிறது.

சரி, இரண்டாவது தடவைக்கு வருகிறேன். 2024 ஆடி. கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் தூறலும் சேர்ந்து பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு புதன்கிழமை தொண்டையில் கரகரப்பு தொடங்கியது.

இந்தத் தடவை அலமாரியில் ஒரு பை தயாராக இருந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க் ஒன்று, உப்பு நீரில் மூக்குக் கழுவும் பாட்டில், புது ஃபில்டர் இரண்டு, காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்ட் வாட்டர்) ஒரு கேன். மாஸ்க்கை டாக்டர் சொன்னபடி நன்றாக இருக்கும்போதே வாங்கினேன். கடையில் உட்கார்ந்து பார்த்தால் எல்லா அளவும் பொருந்துவது போலத்தான் இருக்கும். படுத்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்த பிறகுதான் என் முகத்துக்கு நடுத்தர அளவு இல்லை, சின்ன அளவு என்று தெரிந்தது. சளியும் காய்ச்சலுமாக இருக்கும்போது யாரும் இந்த வேலையைச் செய்ய முடியாது. வாங்கிய பிறகு வாரம் ஒரு ராத்திரி வீதம் நாலைந்து தடவை அதைப் போட்டுத் தூங்கியும் பழகியிருந்தேன்.

அப்படியும் முதல் ராத்திரி சோம்பலில் பழைய மூக்கு மாஸ்க்கையே மாட்டினேன். அப்போது மூக்கு கொஞ்சம்தான் அடைத்திருந்தது. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. ஒரு துவாரம் முழுக்க மூடியிருந்தது, இன்னொன்றில் நூல் அளவு வழி. மெஷின் தள்ளும் காற்று அந்த நூல் வழியே உள்ளே போய், திறந்த வாய் வழியே வெளியே ஓடிக்கொண்டிருந்தது. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. காலையில் திரையில் பார்த்தால் காற்றுக் கசிவு நிமிடத்துக்கு 40 லிட்டர். என் மெஷினில் 24 வரைதான் சரி. இப்படி வாய் வழியாக ஓடிவிட்டால் மெஷின் மாட்டியும் பயன் குறைவுதான். அன்றைய ஏ.எச்.ஐ எண்ணையும் அப்படியே நம்ப முடியாது.

இரண்டாம் ராத்திரி முறையாகச் செய்தேன். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூக்கைக் கழுவினேன். இதில் தண்ணீர்தான் முக்கியம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர். குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடக் கூடாது. அந்தக் கோடையிலிருந்தே பக்கத்துக் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலால் குழந்தைகள் இறந்த செய்தி வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அது வந்தது குளம், ஆறு என்று குளித்த இடங்களிலிருந்து. ஆனால் அந்த அமீபா உடம்புக்குள் போகும் வழி மூக்குத்தான் என்பதால் நான் இதில் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு பெரிய டம்ளர், அதாவது 240 மில்லி, வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. வெறும் தண்ணீர் என்றால் மூக்கு எரியும், உப்பு சேர்த்தால் எரியாது. வாஷ் பேசினில் குனிந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே ஒரு துவாரத்தில் விட்டால் இன்னொன்றில் வரும். ஒரு பக்கம் முழுக்க அடைத்திருந்தால் பாட்டிலை அழுத்தித் தள்ளாதீர்கள். முடிந்ததும் பலமாகச் சிந்தவும் வேண்டாம், அழுத்தம் காதுக்குப் போகும். ஒரு மணி நேரம் முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம், உள்ளே தங்கிய தண்ணீர் மெல்ல வடிந்து முடிய வேண்டும். இல்லையென்றால் மாஸ்க் மாட்டிய பிறகு அதற்குள் சொட்டும்.

மூக்கில் விடும் சொட்டு மருந்தும் டாக்டர் எழுதித் தந்தார், மூன்றே ராத்திரிக்கு. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகைச் சொட்டு மருந்துகள் சில நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். அந்தச் சுகத்துக்காக நாள் கணக்கில் விட்டுக்கொண்டே போனால், மருந்து இறங்கியதும் முன்னைவிட மோசமாக அடைக்க ஆரம்பிக்கும். பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். போன தடவை நான் விழுங்கிய மாத்திரை அட்டையைக் காட்டியபோது அவர் இரண்டு பெயரைக் கோடிட்டார். ஒன்று பிரஷரை ஏற்றக்கூடிய ஃபினைல்எஃப்ரின். இன்னொன்று தூக்கத்தை வரவழைக்கும் குளோர்ஃபெனிரமின். நம் ஊரில் சளிக்கென்று வாங்கும் மாத்திரைகளில் நிறைய இந்தக் கூட்டணிதான். கோடீன் சேர்ந்த இருமல் சிரப்பையும் வேண்டாம் என்றார். அது மூச்சையே மந்தமாக்கும். ஆகவே, அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அப்புறம் ஆவி பிடிப்பது. என் மாமியாருக்கு எண்பது வயது. சளி என்றாலே கொல்லையில் இருக்கும் நொச்சி இலையைப் பறித்துவிடுவார். அன்றைக்கும் ஒரு பாத்திரத்தில் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தார். மேசை மேல் வைத்து, தள்ளி உட்கார்ந்து பிடித்தேன். மடியில் வைத்துப் பிடித்து வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆவி பிடித்ததும் அத்தை நீலகிரித் தைலப் பாட்டிலை எடுத்து வந்து மெஷின் பக்கத்தில் வைத்தார். "அம்மிணி, அந்தத் தண்ணி டப்பாவுல ரெண்டு சொட்டு இதை உட்டாப் போதும், மூக்குத் தன்னால தெறந்துக்கும்."

கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஊட்டித் தைலத்தின் வாசத்தில் மூக்கு திறந்தது போல இருக்குமல்லவா? ஆனால் அந்தத் தொட்டி சூடாகும். அதில் விழுவது எதுவானாலும் ஆவியாகி, ஏழு மணி நேரம் அழுத்தத்தோடு நேராக நுரையீரலுக்குள் போகும். தைலம், கற்பூரம், விக்ஸ் எதுவும் அதில் போடக் கூடாது. மூச்சுக்குழாயில் எரிச்சல் வரும், தொட்டியின் பிளாஸ்டிக்கும் கெடும். "அத்தை, இது வாசம் புடிக்கற பாத்திரம் இல்லீங்க, நேரா நெஞ்சுக்குள்ள போறதுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். புரிந்துகொண்டார். தைலத்தை நெஞ்சில் கொஞ்சம் தடவிக்கொண்டேன். மாஸ்க் படும் இடமெல்லாம் சுத்தமாக விட்டேன். எண்ணெய்ப் பசை பட்டால் சிலிக்கான் வழுக்கும், காற்று கசியும்.

தொட்டியில் ஊற்றுவது காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான். சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு ருசியானாலும் அது குடிக்க. போர் தண்ணீர் ஊற்றினால் சில நாளிலேயே தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் தண்ணீரையும் சிலர் ஊற்றுகிறார்கள். அது மூச்சில் போவதற்கென்று தயாரித்தது இல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

மாஸ்க் மாற்றியதும் மெனுவுக்குள் போய் மாஸ்க் வகையையும் மாற்ற வேண்டும். கசிவையும் அழுத்தத்தையும் மெஷின் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஈரப்பதத்தை நான்கிலிருந்து ஏழுக்கு ஏற்றினேன். என் மெஷினில் எட்டு வரை உண்டு. காய்ந்த காற்று வீங்கிய மூக்கை இன்னும் வீங்க வைக்கும். ஈரமான வெதுவெதுப்பான காற்று அதைத் தணிக்கும். டாக்டர் வைத்த காற்றழுத்த எண்களை மட்டும் நான் தொடவில்லை. எனக்கு 6க்கும் 14க்கும் நடுவில் தானாக ஏறி இறங்கும்படி வைத்திருக்கிறார். ஆனால் ராம்ப் என்று ஒன்று உண்டு. தொடக்கத்தில் 4இல் ஆரம்பித்து மெல்ல ஏற்றும். மற்ற நாளில் அது இதமாக இருக்கும். மூக்கடைத்த அன்றைக்கு அந்த 4 போதவே இல்லை, மூச்சு முட்டியது. ராம்ப்பை அணைத்துவிட்டு நேராக 6இல் ஆரம்பித்தபோதுதான் காற்று வருகிறது என்ற தைரியம் வந்தது. பத்து நிமிடம் பொறுமையாக வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் இடது மூக்கில் ஒரு சின்ன 'டிக்' சத்தம். அந்தப் பக்கம் திறந்தது. மாட்டிய உடனே திணறிக் கழற்றிவிடுகிறவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டிப் பாருங்கள். எனக்கு அதன் பிறகு மாட்டித் தூங்கிய ஒவ்வொரு ராத்திரியும் அப்படித்தான் நடந்தது.

அன்றைக்குப் பின்னிரவில் முகத்தில் தண்ணீர் தெறித்து எழுந்தேன். ஈரப்பதத்தை ஏற்றியிருக்கிறேன், ஜன்னல் வழியே ஆடிக் காற்று. டியூப் குளிர்ந்து, ஆவி அதற்குள்ளேயே நீராகிக் களகளவென்று சத்தம். மறுநாள் ஒரு பழைய காட்டன் புடவையை நீளமாகக் கிழித்து, உறை மாதிரி தைத்து டியூப்புக்குப் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வான முக்காலியில் இறக்கி வைத்தேன், நீர் சேர்ந்தாலும் மெஷின் பக்கம் வடியட்டும் என்று. சரியாகிவிட்டது. சூடாகும் டியூப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

தலையை உயர்த்திப் படுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு தலையணையை அடுக்கினால் கழுத்து மடிந்து தொண்டை இன்னும் நெருங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஆளுக்கொரு செங்கல் வைத்தார் என் வீட்டுக்காரர். உடம்பு முழுக்கச் சாய்வாக இருந்தது, மூக்கின் கனம் குறைந்தது. அவரை ஹாலில் படுக்கச் சொல்லிவிட்டேன். மாஸ்க்கின் முன்னால் பொடிப் பொடியாக ஓட்டைகள் இருக்கின்றனவே, நாம் விடும் மூச்சு அந்த வழியாகத்தான் வேகமாக வெளியே வருகிறது. சளிக் கிருமியும் அதோடு அறை முழுக்கப் பரவும். வயதானவர்கள், குழந்தைகள் இருக்கும் அறையில் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டாம். குளிருக்குப் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்து அந்த ஓட்டைகளை மூடவும் கூடாது. விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவரும்.

மூன்றாம் ராத்திரி நான் மெஷினைப் போடவில்லை. சாயங்காலமே வலது காது அடைத்துக்கொண்டு, மாஸ்க்கை மாட்டி இரண்டு மூச்சு இழுத்ததும் காதுக்குள் ஊசியால் குத்துவது போல வலித்தது. மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்குப் போகும் சின்னக் குழாய் சளியில் வீங்கியிருக்கும்போது காற்று அழுத்தினால் இப்படி ஆகும். வலியைப் பொறுத்துக்கொண்டு போடும் விஷயம் இல்லை இது. கழற்றிவிட்டு, செங்கல் வைத்த அதே சாய்வில் ஒருக்களித்துப் படுத்தேன். தூக்க மாத்திரை மாதிரி எதையும் தொடவில்லை. காலையில் ஸ்கூட்டரை எடுக்கவில்லை, பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போனேன். மெஷின் இல்லாத ராத்திரிக்கு மறுநாள் வண்டி ஓட்டுவதில்லை என்று சிங்காநல்லூர் சிக்னலுக்குப் பிறகு வைத்துக்கொண்ட முடிவு அது. சாயங்காலம் டாக்டரிடம் காட்டியபோது காதில் சீழ் இல்லை, வீக்கம்தான், வலி விட்டதும் மாட்டலாம் என்றார். வாந்தி வரும் போலிருந்தால் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கை மாட்டவே கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். வாயை மூடியிருக்கும் மாஸ்க்குக்குள் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். கன்னமும் நெற்றியும் விண்விண்ணென்று வலித்துக் காய்ச்சல் அடித்தால், மூக்கில் ரத்தம் வந்தால், மெஷின் போட்டும் மூச்சு வாங்கினால், காத்திருக்காமல் போக வேண்டும்.

நான்காம் ராத்திரி மறுபடி மாட்டினேன். அன்றைக்கு நடுவில் கரண்ட் போனது. ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. காற்று நின்றதும் அது திறந்துகொண்டு வெளிக்காற்றை உள்ளே விடும். இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் வரையான அந்தச் சில நொடிக்கே விழித்துவிட்டேன், ஆனால் மூச்சு முட்டவில்லை. தினம் காலையில் கழுவும்போது அந்த வால்வில் சளி காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

கழுவுவது பற்றி நீட்ட வேண்டியதில்லை. சாதாரண நாளில் டியூப்பை வாரம் ஒரு தடவை கழுவுவேன். சளி நாட்களில் மாஸ்க், டியூப், தொட்டி மூன்றையும் தினம், மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு. டெட்டால் வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம். தொட்டியில் மிச்சத் தண்ணீரை மறுநாளைக்கு வைக்காதீர்கள். மூக்கைத் துடைத்துத் துடைத்துப் புண்ணான இடத்தில் மாஸ்க் உரசினால் எரியும். தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாக, எண்ணெய் இல்லாமல் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட க்ரீமைப் படுப்பதற்கு வெகு முன்பே தடவி, உலரவிட்டு மாட்டினேன்.

எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வழக்கமாக எனக்குக் காலையில் 2 என்று காட்டும் ஏ.எச்.ஐ அந்த வாரம் 6, 7 என்று இருந்தது. டாக்டருக்கு அதில் கவலையே இல்லை. 34 எங்கே, 7 எங்கே! பள்ளியில் ஒரு பீரியட் கூட எனக்குக் கண் சொருகவில்லை. பிரஷரும் ஏறவில்லை.

பத்தாம் நாள் இரண்டு மூக்கும் திறந்திருந்தன. எல்லாவற்றையும் கழுவி நிழலில் காயவைத்து, ஃபில்டரை மாற்றி, பெரிய மாஸ்க்கைப் பையில் போட்டு அலமாரியில் வைத்தேன். தீர்ந்துபோன உப்புக்கும் தண்ணீர் கேனுக்கும் மளிகைச் சீட்டில் எழுதி வைத்தேன். ராத்திரி மூக்கு மாஸ்க்கை எடுத்துக்கொண்டு, மெனுவில் வகையை மாற்றி, ஈரப்பதத்தை ஏழிலிருந்து நான்குக்கு இறக்கினேன். கட்டிலுக்கு அடியில் இருந்த செங்கல்களை எடுத்துவிட்டு, ஹாலில் படுத்திருந்தவர் பாயைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் வந்தார்.